ஜப்பானியப் போர்வாள்: துரு சொல்லும் வரலாறு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிங்கப்பூரிலும் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் இடைவாள்களைக் கழற்றி நேசநாட்டுப் படையினரிடம் ஒப்படைத்தனர். ஜப்பானுக்குள்ளும் வீடுகளில் இருந்த வாள்கள் திரட்டப்பட்டன. பல உருக்கப்பட்டன; பல கடலில் எறியப்பட்டன. எஞ்சியவற்றுள் ஏராளமானவை படைவீரர்களின் பெட்டிகளில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தன.

அவற்றுள் ஒன்று இப்போது உங்கள் முன் மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பல நூற்றாண்டுப் பழமையான கைவினைப் பொருளா? போர்க்காலத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதா? அல்லது அண்மையில் செய்த போலியா? இதை எப்படி அறிவது?

முதலில் வாளின் 'உடை'யைப் பாருங்கள். உடை என்றால் உறை, கைப்பிடி, கைக்காப்பு ஆகியவை. 1876 இல் ஜப்பானிய அரசு, படையினர், காவலர் முதலியோர் தவிர மற்றவர் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. அக்காலப் படை, ஐரோப்பிய முறையைப் பின்பற்றியது. எனவே அன்றைய படைவாளில் விரல்களை மூடும் வளைந்த கைக்காப்பு இருக்கும். இவ்வகைக்குக் 'கியூ-குன்தோ', அதாவது பழைய படைவாள் என்று பெயர்.

1934 இல் நிலைமை மாறியது. பண்டைய சாமுராய் வாளின் வடிவில் 'ஷின்-குன்தோ' என்னும் புதிய படைவாள் வந்தது. வட்டமான கைக்காப்பு, திருக்கை மீன் தோல்மேல் நாடா சுற்றிய கைப்பிடி, செரிப் பூ வேலைப்பாடு ஆகியவை இதன் அடையாளங்கள். இதற்கு '94 ஆம் வகை' என்று பெயர். ஏன் 94? ஜப்பானியர் அக்காலத்தில் தங்கள் முதற் பேரரசரிலிருந்து ஆண்டுகளைக் கணக்கிட்டனர். நம் ஆண்டோடு 660 ஐக் கூட்டுங்கள்: 1934 என்பது 2594 ஆகும். அதன் கடைசி இரண்டு இலக்கங்களே 94. இவ்வாறே 1935 இல் வந்தது 95 ஆம் வகை; 1938 இல் வந்தது 98 ஆம் வகை. உறையில் தொங்கவிடும் வளையம் 94 இல் இரண்டு. 98 இல் ஒன்று. கைப்பிடியில் தொங்கும் குஞ்சத்தின் நிறம் அதிகாரியின் தரத்தைக் காட்டும். ஆனால் குஞ்சத்தை எவரும் மாற்றிக் கட்டலாம் என்பதை மறவாதீர்கள்.

95 ஆம் வகை, அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்ட படைத்தலைவர்களுக்காக இயந்திரத்தால் செய்யப்பட்டது. இதன் கைப்பிடி நாடா சுற்றியது போலத் தோன்றும். தொட்டுப் பார்த்தால் வார்ப்பு உலோகம். தொடக்கத்தில் செம்பிலும் பின்னர் அலுமினியத்திலும் வார்த்து வண்ணம் பூசினர். அலகில் ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். உறையிலும் அதே எண் இருந்தால் இரண்டும் பிரியாத இணை என அறியலாம்.

அதிகாரிகளின் வாள் இப்படி எளிதில் பிடிபடாது. அவர்கள் வாளைத் தம் செலவில் வாங்கினர். சிலர் குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய அலகுக்குப் புதிய உடை பூட்டினர். ஆகவே ஒரே மாதிரியான உடைக்குள் பழைய கொல்லனின் அலகும் இருக்கலாம். தொழிற்சாலை அலகும் இருக்கலாம். உடை, வாளின் பணியைத்தான் சொல்லும், பிறப்பைச் சொல்லாது.

பிறப்பை அறிய, கைப்பிடியின் மூங்கில் ஆணியைக் கழற்ற வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியை 'நக்காகோ' என்பர். கொல்லன் தன் பெயரை வெட்டுவது இங்கேதான். 'ஷோவா' அல்லது 'செக்கி' என்ற முத்திரை இருந்தால், அது பெரும்பாலும் மரபு முறையில் செய்யாத போர்க்கால அலகு. விண்மீன் முத்திரை இருந்தால், மரபு எஃகில் வாள் செய்யப் படையினர் ஏற்ற கொல்லனின் வேலை. பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது; புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பிறர் பொறிப்பதும் பழங்காலம் முதலே உண்டு.

இனி அலகின் விளிம்பை ஒளியில் சாய்த்துப் பாருங்கள். வெண்மையான அலைக்கோடு ஒன்று தெரியும். இதுவே 'ஹாமோன்'. கொல்லன் அலகின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பான். விளிம்பு விரைந்து குளிர்ந்து மார்ட்டன்சைட் என்னும் கடினமான அமைப்பைப் பெறும். முதுகு மெல்லக் குளிர்ந்து உடையாத உறுதி பெறும். மார்ட்டன்சைட் கூடுதல் இடத்தை அடைப்பதால், தோய்க்கும்போதே அலகு வளைகிறது. போர்க்காலத்தில் பல அலகுகளை எண்ணெயில் தோய்த்தனர். எண்ணெய் மெல்லக் குளிர்விப்பதால் அலகு வெடிக்கும் அபாயம் குறைவு. ஆனால் நீரில் தோய்த்த நல்ல அலகின் கோட்டில் மணிமணியாக மின்னும் நுண்துகள்கள் இதில் பெரும்பாலும் தெரிவதில்லை. போலிகளிலோ அமிலத்தால் அரித்த உயிரற்ற சாம்பல் கோடுதான் இருக்கும்.

புதிதாகச் சேகரிப்பவர் செய்யும் பெரும் பிழை, நக்காகோவின் துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. அந்தத் துரு அழுக்கன்று, சான்று. அதன் நிறமும் படிவும் அலகின் வயதைக் கூறுகின்றன. தேய்த்த ஐந்து நிமிடத்தில் பல நூற்றாண்டுகள் அழிந்துபோகும்; எவராலும் அதை மீட்க முடியாது. அலகை விரலாலும் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு புதிய துருவை உண்டாக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மெருகேற்றுவது பல ஆண்டுகள் பயின்ற வல்லுநரின் வேலை. வாங்குமுன் உங்கள் நாட்டின் ஆயுதச் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்கலாம். ககோஷிமா நகரின் தெருக்குனி ஆலயத்துக்கு உரிய வாள் ஒன்று போருக்குப்பின் அமெரிக்கா சென்றுவிட்டது. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, டாக்டர் வால்ட்டர் காம்ப்டன் என்ற சேகரிப்பாளரின் கைக்கு வந்தது. அதன் நக்காகோவில் 'குனிமுனே' என்ற கொல்லனின் பெயர் அழியாமல் இருந்தது. அது யாருடைய வாள் என்பது தெரிந்ததும், 1963 இல் அவர் அதை ஜப்பானுக்கே திருப்பிக் கொடுத்தார். இன்று அது அந்நாட்டின் தேசியச் செல்வங்களுள் ஒன்று.

இடையில் யாரேனும் ஒருவர் அந்தத் துருவைத் தேய்த்திருந்தால்? பெயர் தொலைந்த வாளுக்கு வீடு திரும்பும் வழி ஏது? பழம்பொருள் எதுவாயினும், முதலில் அதைப் படியுங்கள், அதன்பின் தொடுங்கள்.