வனைதொழிலும் அதன் பயிற்சியும்

மட்கலம் வனையும் தொழிலை இன்று சென்னை முதலிய நகரங்களில் மாலை வகுப்புகளிற் பயில்வோர் உளர். பகலெல்லாம் அலுவலகத்திற் பணிபுரிந்தோரும் கல்லூரி மாணவரும் மின்விசையால் இயங்கும் சக்கரத்தின்முன் அமர்ந்து, ஈரமண்ணை அதன் நடுவில் நிறுத்த முயல்கின்றனர். முதல்நாள் மண் நிற்பதில்லை. பல நாள் சென்றும் நிற்பதில்லை. இக்காட்சி வரலாற்று மாணவர்க்கு ஒரு வினாவை எழுப்புகின்றது. தமிழர் இத்தொழிலை எங்கு, யாரிடம், எவ்வாறு பயின்றனர்? கலங்களின் நிறமும் வடிவும் காலமும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கலம் வனையக் கற்ற வரலாறோ அந்த அளவிற்கு நம் கருத்தைக் கவரவில்லை. அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சியைக் கொல்லிமலையிலிருந்து தொடங்குதல் பொருந்தும். வல்வில் ஓரியின் மலையாகவும், பின்னர்ச் சேரர்க்கு உரியதாகவும் சங்கப் பாடல்கள் போற்றும் கொல்லி, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. புலவர் பாடிய காலத்திற்கு மிக முற்பட்ட மாந்தரும் இம்மலைப் பகுதியில் வாழ்ந்தனர். கொல்லியிலும் சேர்வராயன் மலை, சவ்வாது மலை முதலியவற்றிலும் கிடைத்துள்ள மெருகேற்றிய கற்கோடரிகள் அதற்குச் சான்று. அவை புதிய கற்காலத்தவை. இத்தகைய கோடரிகளை மலைவாழ் மக்கள் சிறு கோயில்களில் வைத்து வழிபடுதலும் உண்டு. இச்செய்தியைப் படிப்போர் நினைவில் இருத்துதல் வேண்டும்; இறுதியில் இதற்கு மீள்வோம்.

அக்கோடரிகளை ஆண்ட மக்கள் கலம் செய்யவும் அறிந்திருந்தனர். கொல்லிக்கு வடக்கே, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் அகழ்ந்தபோது, கீழடுக்கில் கற்கோடரிகளோடு கையால் வனைந்த சாம்பல்நிறக் கலங்கள் மிகுதியாகக் கிடைத்தன. மேலடுக்கில் இரும்புப் பொருள்களோடு கருப்பு-சிவப்புக் கலங்கள் கிடைத்தன. இவை சக்கரத்தின் துணைகொண்டு ஆக்கப்பட்ட வகையின. இவ்விரண்டு அடுக்குகளுக்கும் இடைப்பட்ட ஒரு காலத்தில் இந்நிலத்து மக்கள் சக்கரத்தைக் கையாளக் கற்றனர் என்பது தெளிவு. மண்ணடுக்கு அம்மாற்றத்தைக் காட்டுகின்றது. கற்றவர் பட்ட இடர்ப்பாட்டைக் காட்டவில்லை.

அவ்விடர்ப்பாடு சிறிதன்று. கையால் கலம் செய்வோன் மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கலாம், களைத்தால் நிறுத்தலாம், பிழைத்தால் திருத்தலாம். சக்கரத்தில் அஃது இயலாது. சுழலும் மண்ணை முதற்கண் நடுவில் அசைவின்றி நிறுத்தல் வேண்டும். பின் பெருவிரலால் அதன் உள்ளே குழித்து, உட்கையும் புறக்கையும் ஒத்து அழுத்தச் சுவரை மேலெழுப்புதல் வேண்டும். ஒரு கை சிறிது மிகினும் சுவர் கோணும். நீர் மிகின் மண் தளரும். மேலும், கோலால் சுழற்றிவிடப்படும் நம் நாட்டுச் சக்கரம் தன் வேகம் தணியுமுன் வேலையை முடிக்குமாறு வனைவோனை நெருக்குவது. மின்சக்கரத்தின்முன் அமர்வோர்க்கு இந்நெருக்கடி இல்லை. எனினும் அவர்க்கும் மண் எளிதில் வசப்படுவதில்லை.

வாலந்தீன் ரூ என்னும் பிரெஞ்சு அறிஞர் டேனியலா கோர்பெட்டாவுடன் சேர்ந்து தில்லி உத்தம் நகர்க் குயவரிடையே ஆய்வு நிகழ்த்தி, 1989இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு கலத்திலிருந்து பெருங் கலத்திற்குப் படிப்படியாகவே திறன் வளர்கின்றது என்பதும், பெரிய கலங்களைச் செவ்வனே வனையப் பத்தாண்டளவு பயிற்சி வேண்டும் என்பதும் அவ்வாய்வின் முடிபுகள். இதனால் ஓர் உண்மை பெறப்படும். உழவுக்கு இடையே ஓய்வுநேரத்தில் கற்றுக்கொள்ளத்தக்க தொழில் அன்று இது. இளமையிலேயே தொடங்கி, வேறு தொழிலை நாடாது பயில்வார்க்கே கைவரும். எனவே சக்கரத்தின் வரவு புதுக் கலத்தை மட்டும் தரவில்லை; அதனையே தொழிலாகக் கொண்ட ஒரு குடியையும் உருவாக்கிற்று எனக் கொள்ளுதல் தகும்.

இம்முடிபிற்குச் சங்க இலக்கியம் அரண் செய்கின்றது. புறநானூற்றின் 32ஆம் பாட்டில் கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியைப் புகழ்கின்றார். அவன் நாடு அவன் கருதிய வடிவெல்லாம் கொள்ளும் என்பதற்கு, சக்கரத்தில் இட்ட பசுமண்ணை உவமையாக்குகின்றார். ஈண்டுக் கருதத்தக்கது, அம்மண்ணை இடுவோர் முதிர்ந்த குயவர் அல்லர். வேட்கோவர் வீட்டுச் சிறுவர் என்பது. கைதேர்ந்த முதியோனை விடுத்துச் சிறுவரைப் புலவர் ஏன் சுட்டினார்? குயவர் மனையிற் சிறுவர் சக்கரத்தருகே இருந்து பயிலுதல் அவர் நாளும் கண்ட காட்சியாதல் வேண்டும். சிறுவர் கைக்கும் இசையுமாறு மண் குழைவது என்னும் நயமும் இதனாற் புலனாகின்றது. அச்சக்கரத்திற்குப் பாட்டு வழங்கும் பெயர் தேர்க்கால் என்பது. வண்டிச் சக்கரம் போல ஆரக்கால் உடைய வகையே அன்று வழங்கிற்று என இப்பெயர்கொண்டு ஊகிக்கலாம். இனி, சிறுவர் உண்மையான தேர்க்காலையே பற்றி விளையாடினர் எனக் கொள்ளினும் எம் கருத்துக்கு இழுக்கில்லை. விளையாட்டே அங்குப் பயிற்சியாயிற்று என்பதே அதனாற் பெறப்படும்.

கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228ஆம் பாட்டு கலம் செய்வோனை நோக்கி ஒரு வினா விடுக்கின்றது. நிலவுலகமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் கொண்டு அவனுக்கேற்ற தாழியை வனைய இயலுமோ என்பது அவ்வினா. தொழிலின் நுட்பம் அறிந்த சமுதாயத்திலன்றி இத்தகைய கற்பனை எழாது. புறநானூற்றின் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பெண்பாலார் சக்கரத்தைத் தொடுதல் கூடாது என்னும் வழக்கம் பிற்காலத்தில் நாட்டின் பல பகுதிகளிற் காணப்படுவது. பெயர் ஒன்றே கொண்டு அவர் சக்கரத்தில் வனைந்தார் எனத் துணிதல் ஆகாது. ஆயினும் குயவர் குடி கல்விக்குப் புறம்பாக இல்லை என்பதை அப்பெயர் ஐயமின்றி நிறுவுகின்றது.

பிற்காலத்தே இப்பயிற்சி குடிக்குள்ளேயே நின்றது. பல்லவர் செப்பேடுகளில் காணும் குசக்காணம் என்பது குயவர்மீது விதித்த வரி. அரசு ஒரு தொழிலை வரியாற் சுட்டும்போது அதன் குடியையும் சுட்டுகின்றது. தந்தையிடம் மகன் கற்றான். மகனிடம் அவன் மகன் கற்றான். இம்முறையால் ஆகிய நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஏட்டில் எழுதாமலே நுட்பம் பல நூற்றாண்டு பிழைத்தது நன்மை. பிறர்க்கு வாயில் அடைபட்டதும், அக்குடியிற் பிறந்தார்க்கு வேறு வாயில் திறவாமையும் தீமை. இதனை மறைத்துப் பழமையைப் போற்றுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

அவ்வாயில் முதன்முதலாகத் திறக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில் எனலாம். மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையிற் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் தொழிற்பள்ளியையும் அமைத்தார். ஆங்குக் கற்பிக்கப்பெற்றவற்றுள் மட்கலத் தொழிலும் ஒன்று. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழி வந்தது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் புதுச்சேரியிற் கோல்டன் பிரிட்ஜ் என்னும் மட்கலக் கூடத்தை நிறுவி, மிகு வெப்பத்திற் சுட்டு மெருகிடும் முறையைக் கற்பித்தனர். இத்தகைய கூடங்களுக்குப் பிறப்பு ஒரு தகுதியன்று. ஆணும் பெண்ணும் ஒருங்கே பயில்கின்றனர். மாலை வகுப்புகளும் இந்நெறியையே பின்பற்றுவன.

இம்மாற்றத்தை யாம் வரவேற்கின்றோம். ஆயின் ஒரே காலத்தில் இருவேறு நிகழ்ச்சிகள் நடைபெறுதலையும் காண்கின்றோம். நகரத்தார் விரும்பிச் சக்கரத்தின்முன் அமர்கின்றனர். குயவர் மக்கள் பலர் அதனை விட்டு எழுகின்றனர். அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் அடுக்களையிற் புகுந்தபின் பானைக்கு இருந்த தேவை குன்றிற்று. எழுவோரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் அவர்களோடு தொழிற்சொற்களும் எழுந்து செல்கின்றன. தமிழகத்துக் குயவர் குடத்தை முழுவதும் சக்கரத்தில் முடிப்பதில்லை. வாயும் கழுத்தும் தடித்த சுவரும் அமைத்து, அடியின்றியே அறுத்தெடுத்து, சிறிது உலர்ந்தபின் உள்ளே கல்லை அணைத்து வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி அடியை மூடுவர். மண்ணின் ஒவ்வொரு பதத்திற்கும் தட்டின் ஒவ்வொரு நிலைக்கும் அவர்தம் மனைகளில் வழங்கும் பெயர்கள் உள. புது வகுப்புகளில் இம்முறை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆங்கு வழங்கும் சொற்களும் பெரும்பாலும் ஆங்கிலமே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, வனைதல், திகிரி, சூளை போன்ற சொற்களைக் காத்தது. மனைக்குள் மட்டும் வழங்கும் நுண்சொற்களோ கேட்டுத் தொகுத்தாலன்றி எஞ்சா.

இனிக் கொல்லிமலைக் கோடரிக்கு மீள்வோம். அக்கோடரி இன்றும் நம் கையில் உள்ளது. அதன் கூர்மையும் மெருகும் உள்ளன. அதனைத் தேய்த்தவன் கல்லை எப்பெயரால் அழைத்தான், தன் மகனுக்கு எச்சொல்லால் கற்பித்தான் என்பன மறைந்தொழிந்தன. பொருள் எஞ்சியது, பயிற்சி எஞ்சவில்லை. எஞ்சிய பொருளைத் தெய்வமாக்கி வழிபடுதலன்றி மக்கட்கு வேறு வழியின்றாயிற்று. கோவூர் கிழார் கண்ட சிறுவரின் தொழில் இன்னும் அந்நிலையை அடையவில்லை. அதனை அறிந்த முதியோர் ஊர்தோறும் உளர். தமிழ் பயிலும் ஆராய்ச்சி மாணவர் அவர்தம் சக்கரத்தருகே சென்றமர்ந்து, ஒவ்வொரு செயலுக்கும் உரிய சொல்லைக் கேட்டெழுதுதல் வேண்டும். எழுதியவற்றை மாலை வகுப்புகளுக்கு அளிப்பின், அங்குப் பயில்வோர் மண்ணோடு மொழியையும் கையிற் கொள்வர். குடியின் எல்லைக்குள் இருந்த கல்வி பொதுவாகும்போது, அதன் சொல்லும் உடன் பொதுவாதலே முறை.