பருவமும் பானையும்: ஓராண்டுக் குறிப்பேடு கற்பித்த வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மனக்கண்ணில் விரிபவை கோட்டைகளும் கோயில்களும் போர்க்களங்களும்தாம். அடுப்பங்கரைக்கு அவ்வரிசையில் இடமிருப்பதில்லை. ஆயினும், அரசன் முதல் ஆண்டி வரை எவரும் விலக்க முடியாதது பசி. அந்தப் பசிக்கும் பருவத்துக்கும் இடையிலான உறவைச் சற்றே அருகிருந்து பார்க்கும் விருப்பில், நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கினோம். தை முதல் மார்கழி வரை, அந்தந்தப் பருவத்தில் நம் மண் தருவதைக் கொண்டே சமைப்பது. சமைத்ததைக் குறிப்பேட்டில் பதிவது. உடன் பழம்பாடல்களையும் கல்வெட்டுகளையும் படிப்பது. அவ்வோராண்டு கற்பித்தவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பாடம், பருவம் என்பது நாட்காட்டியில் மட்டும் இருப்பதன்று என்பது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கும் மரபு நாம் அறிந்ததே. அம்மரபு பொழுதைத் தனியே வைக்கவில்லை. நிலத்தோடு பிணைத்து 'முதற்பொருள்' என்றது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனின் வழியைப் பாருங்கள். கடலோர எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கிறது. வேட்டுவர் வாழும் வேலூரில் புளிச்சோறும் சுட்ட இறைச்சியும், மருதநிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கின்றன. ஒரே பயணத்தில் மூன்று நிலம், மூன்று உலை!

இவ்வுண்மையைக் குறிப்பேட்டில் எங்களுக்கு விளக்கியது பனை. மாசி தொடங்கிக் கோடை முழுதும் பதநீர். சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடி, ஆவணியில் பழம். அப்பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தால் மார்கழி, தையில் கிழங்கு. பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டியோ ஆண்டு முழுதும் பானையில் இருக்கும். ஒரு மரம் தன்னளவில் ஓர் ஆண்டுக் கணக்கையே வைத்திருக்கிறது.

இரண்டாவது பாடம் கோடையில் கிடைத்தது. பருவத்துக்கேற்ப உண்பது என்றால் பறித்தவுடன் பசுமையாக உண்பது என்றே இன்று பலரும் பொருள் கொள்கின்றனர். குறிப்பேட்டின் பக்கங்கள் வேறு கதை சொல்லின. பங்குனி முதல் ஆனி வரை நாங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி அன்றைய உணவைப் பற்றியதன்று. வரப்போகும் மாதங்களைப் பற்றியது. மாவடுவை உப்பிலிட்டோம், சுண்டைக்காயையும் கத்தரியையும் வற்றலாக்கினோம், வடகம் பிழிந்தோம், வேப்பம்பூவை உலர்த்தினோம். வெயிலே இங்கு சமையற்காரன். மழைக்காலத்து வற்றற்குழம்பு உண்மையில் சித்திரை வெயிலில் பாதி சமைக்கப்பட்டதாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், மறையவர் இல்லத்தில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்தை நினைவுகூர்க. வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும் ஒருபுறம். மாவடு ஊறிய காடி மறுபுறம். ஓர் இலையில் அன்றைய காயும் முன்னொரு நாளின் சேமிப்பும் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

மூன்றாவது பாடம் கல்வெட்டுகளிலிருந்து வந்தது. முதலாம் இராசராசரின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம் எனத் திருவமுதுக்கானவை அளவோடு பேசப்படுகின்றன. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுணரின் அம்பாசமுத்திரக் கல்வெட்டோ புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி எனக் கறிகளை அவற்றின் பக்குவத்தால் சுட்டுகிறது. எந்தக் காய் என்று கல்வெட்டு ஏன் சொல்லவில்லை? ஓராண்டு சந்தைக்கு நடந்த பிறகு எங்களுக்குத் தோன்றிய விடை இது: காய் பருவந்தோறும் மாறும், புளியில் வேகவைப்பதும் பொரிப்பதும் மாறா. 'சந்திராதித்தவர்' நடக்கவேண்டிய அறக்கட்டளையில், இன்ன காய்தான் என்று எழுதினால் ஆண்டில் பாதி நாள் ஆணை தவறிப்போகும். இது எங்கள் ஊகமே. ஆயினும் அடுப்பருகே நின்று படிக்கும்போது கல்வெட்டு புதிய குரலில் பேசுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

நான்காவது, 'நம் உணவு' என்ற சொல்லின் எல்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மிளகாய், 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. தக்காளி, உருளை, நிலக்கடலை ஆகியவற்றின் தாயகமும் அக்கண்டமே. மிளகைப் போல் காரமான காய் என்பதால் வந்தவனுக்கு மிளகாய் என்று பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டோம். பெயர் மட்டுமா தந்தோம்? மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி, வற்றல் வரிசையிலேயே அமர்த்திவிட்டோம். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் பயிரிட்டுப் பழக்கிய ஐரோப்பியக் காய்கறிகளும் இப்படி வந்து சேர்ந்தவையே. பருவமும்கூட மனிதர் கைபடாததன்று. 1934ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை காவிரி நீரின் காலத்தை மாற்றியது. 1966ல் வெளிவந்த ஐ.ஆர்.8 போன்ற குறுகிய கால நெல் வகைகள், பகற்பொழுதின் நீளத்துக்குக் கட்டுப்பட்டுப் பூக்கும் பழைய சம்பா நெற்களை ஒதுக்கின. எனவே தூய்மையான ஒரு பழங்காலப் பருவ உணவைத் தேடிச் செல்பவருக்கு அது எங்கும் அகப்படாது. வந்ததை எல்லாம் தன் வெயிலுக்கும் மழைக்கும் பழக்கிக்கொண்ட ஒரு மரபே அகப்படும்.

ஐந்தாவது பாடமே எங்களை நெடுநேரம் மௌனத்தில் ஆழ்த்தியது. குறிப்பேட்டில் ஆடி மாதப் பக்கங்கள் மெலிந்திருந்தன. விதைக்கும் மாதம் அது. அறுவடை தொலைவில் இருக்கும். குதிரில் மிஞ்சியதைக் கொண்டு காலந்தள்ள வேண்டிய நாட்கள். அம்மன் கோயில்களில் அம்மாதம் ஊர் கூடிக் கூழ் வார்க்கும் வழக்கத்தை, உள்ளவர் இல்லாதவர் எல்லோரும் ஒரே கலத்திலிருந்து உண்ணும் ஏற்பாடாகவும் காணலாம். நாங்கள் விரும்பி ஏற்ற எளிமை, அக்காலத்து உழவர்க்கு விதிக்கப்பட்ட வறுமை. விருந்துகளை அடுக்கிய அதே சிறுபாணாற்றுப்படையில்தான், பசியால் மெலிந்த பெண்ணொருத்தி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் காட்சியும் இருக்கிறது. அவள் உண்டதும் மழையில் தானே முளைத்த, செலவில்லாத கீரைதான். அதை எந்த வாயால் 'பருவ உணவு' என்று போற்றுவது?

1876ல் மழை பொய்த்ததைத் தொடர்ந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்த அந்நாட்களிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரணப் பணியில் உழைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சிறு தொகையும் போதும் என்றார் ரிச்சர்டு டெம்பிள். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை எதிர்த்து வாதாடினார். பருவம் ஒருமுறை பொய்த்தால் பட்டினி. ஆட்சியும் கைவிட்டால் சாவு. பழமையை அழகென்று மட்டும் காணும் கண்ணுக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை. அணையும் குறுகிய கால நெல்லும் எதை விரட்ட வந்தன என்பதை மறந்துவிட்டு அவற்றைக் குறைகூறுவதும் எளிதே.

அப்படியானால் இம்முயற்சியின் பயன் என்ன? கல்வெட்டுகள் இறைவனுக்குப் படைத்ததைப் பதிந்தன. பாணர்கள் புரவலன் தந்த விருந்தைப் பாடினர். மாவடுவை எந்த வாரத்தில் பறிக்கவேண்டும், வடக மாவு எந்தப் பதத்தில் புளிக்கவேண்டும், இருக்கும் தானியத்தை அடுத்த அறுவடை வரை எப்படி நீட்டவேண்டும் என்பவற்றை அறிந்த பெண்களின் அறிவு கல்லிலும் ஏறவில்லை, ஏட்டிலும் மிகுதியாக ஏறவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951ல் வந்தபோது, வாய்மொழியாகக் கைமாறிய பக்குவங்களில் ஒரு பகுதி அச்சேறியது. எழுதப்படாத ஊர்களும் குலங்களும் குடிசைகளும் இன்னும் எத்தனையோ உள்ளன.

ஆகவே, உங்கள் இல்லத்தில் மூத்த பெண்மணி எவரேனும் இருப்பின், அவரருகே ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். விருந்து நாட்களில் சமைத்ததை மட்டும் கேளாமல், ஒன்றுமில்லாத நாட்களில் என்ன சமைத்தார்கள் என்றும் கேளுங்கள். நம் வரலாற்றில் விடுபட்டுப்போன பக்கங்கள் அந்த விடையில்தான் இருக்கின்றன.