சர்ப்பகந்தாவும் சித்தப்பிரமையும்

பீகார் நாட்டுப்புறத்தில் ஒரு சிறு செடியின் வேரைப் ‘பாகல் கீ தவா’, அதாவது ‘பைத்தியத்திற்கு மருந்து’, என்று நெடுங்காலமாக வழங்கி வந்தனர். முழங்கால் உயரமே வளரும் செடி. பாம்புபோல் நெளிந்த, மிகக் கசப்பான வேர். வடமொழியில் அதற்குச் சர்ப்பகந்தா என்று பெயர். தாவர நூலாரோ 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவராகிய ரௌவோல்ஃப் என்பாரின் நினைவாக அதற்கு ரௌவோல்ஃபியா என்று பெயரிட்டனர். மூலிகை தேடி பாக்தாது வரை வந்த அவர் இந்தியாவை எட்டிப் பார்த்ததில்லை. பெயர் ஒருவருக்கும் உழைப்பு வேறொருவருக்குமாகப் போவது உலக வழக்கந்தானே!

இவ்வேர் எந்நோய்க்குப் பயன்பட்டது என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். பிறர் காதில் விழாத குரல்கள் ஒருவர் காதில் விழுகின்றன. அவை அவரை ஏசுகின்றன, ஏவுகின்றன. அண்டை வீட்டார் தம்மைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்று அவர் உறுதியாக நம்புகிறார். எத்தனை சான்று காட்டினும் அந்நம்பிக்கை அசைவதில்லை. இந்நிலையே சித்தப்பிரமை, கடுங்காய்ச்சலாலும் போதைப் பொருளாலுங்கூட இது வரலாம். பேச்சு தொடர்பறுதல், ஆர்வமும் முயற்சியும் வற்றுதல், குளிக்கவும் உண்ணவும் மனமின்றி ஒதுங்கியிருத்தல் ஆகியனவும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடிக்குமாயின் அதனை மனச்சிதைவு என்பர். பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே இது தலைகாட்டும்.

1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர், ‘பிளவு’, ‘மனம்’ என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இந்நோய்க்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று பெயர் சூட்டினார். பிளவு என்றதும் ஓருடலில் ஈராள் குடியிருப்பதாகப் பலர் எண்ணிவிட்டனர். அவர் கருதியதோ எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமல் போவதையே. சொற்களை மொழிபெயர்ப்பதே தொழிலாக உடைய நமக்கு, ஒரு சொல் தன்னை ஆக்கியவரின் கையைவிட்டு நழுவுவது புதிய காட்சியன்று.

அக்காலத்தில் இந்தியாவில் இந்நோயாளரின் கதி யாது? 1858-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களைக் காவலில் வைக்கும் முறையையே பெரிதும் வகுத்தன. 1946-இல் போர் குழுவினர் கணக்கெடுத்தபோது, சுமார் 40 கோடி மக்களுக்கு மனநோய் மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் ஏறக்குறைய 10,000 மட்டுமே. ஏனையோர் வீட்டிலோ தெருவிலோ கிடந்தனர். சங்கிலியில் பிணைக்கப்பட்டோரும் உண்டு.

இந்த இருளில்தான் வேரின் கதை தொடங்குகிறது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும், சர்ப்பகந்தா வெறியைத் தணித்து உறக்கம் தருகிறது, இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று ‘இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்’ இதழில் எழுதினர். அதே ஆண்டில் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகியும் ரஃபத் ஹுசைன் சித்திகியும் வேரின் சத்துக்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். ஆயினும் மேல்நாட்டார் கவனம் இதன்பால் திரும்ப, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் இரத்த அழுத்தம் பற்றி எழுத வேண்டியிருந்தது.

1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தனர். 1954-இல் நியூயார்க் மாநில மருத்துவமனையொன்றில் நேதன் கிளைன் அதனை மனநோயாளருக்குக் கொடுத்து, பலர் அமைதியுற்றதாக அறிவித்தார். 1952-லேயே பாரிஸில் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்ப்ரோமசின் என்னும் செயற்கை மருந்தைக் கையாண்டிருந்தனர். போட்டியில் வென்றது இந்த இரண்டாவதே. ரெசர்பின் மெல்லவே வேலை செய்தது. இரத்த அழுத்தத்தை மிகத் தாழ்த்தியது. சிலரைத் துயரத்தில் ஆழ்த்தியது. நம் நாட்டு மூலிகை என்பதற்காக இக்குறைகளை மறைத்தல் முறையன்று.

எனினும், தோற்ற மருந்து மற்றொரு வகையில் பயன் தந்தது. 1957-இல் ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. மூளையின் டோபமைன் என்னும் இரசாயனத்தை ரெசர்பின் வறளச் செய்கிறது என்பது இதனால் புலனாயிற்று. அவ்வழியில் அவர் ஆற்றிய ஆராய்ச்சிக்கு 2000-இல் நோபல் பரிசு கிட்டியது. இன்று வழங்கும் மருந்துகளிற் பெரும்பாலன டோபமைனின் வேகத்தைத் தடுத்தே குரல்களையும் ஐயங்களையும் அடக்குகின்றன. ஆர்வக் குறைவை அவை அவ்வளவாகத் தீர்ப்பதில்லை. குணம் கண்டதும் நாமே மருந்தை நிறுத்தினால் நோய் மீள்வது பெரும்பான்மை.

மருந்தை நாள்தோறும் எடுத்துக் கொடுப்பவர் யார்? 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவர் டாக்டர் வித்யா சாகர் இதற்கு ஒரு விடை கண்டார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் தங்க இடமளித்தார். அவர்கள் பராமரிப்பில் பங்கு கொண்டனர். நாள்தோறும் மருத்துவரைச் சூழ்ந்தமர்ந்து நோயைப் பற்றிக் கேட்டறிந்தனர். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று திரும்பிப் போக வேண்டியவர்கள், குணமடைந்த தம்மவரை உடனழைத்துக்கொண்டு ஊர் திரும்பினர்.