அனமார்ஃபோசிஸ்

நேரே நின்று பார்த்தால் கோணலாகவும், குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்றோ வளைந்த கண்ணாடியிலோ பார்த்தால் சரியாகவும் தெரியும்படி வரைந்த உருவம். அப்படி வரையும் முறைக்கும் இதே பெயர்தான்.

கிரேக்கத்தில் ‘அனா’ என்றால் மீண்டும். ‘மார்ஃபே’ என்றால் உருவம். குலைந்த உருவம் மீண்டும் கூடிவருவதையே சொல் குறிக்கிறது. உருமாற்றத்தைக் குறிக்கும் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ இதன் உறவுக்காரச் சொல். அதில் பொருளே மாறும்; இதில் பார்ப்பவரின் இடம்தான் மாறும்.

சொல் 17ஆம் நூற்றாண்டில் பிறந்தது. உத்தி அதற்கும் மூத்தது. ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் நிற்கும் இருவரின் காலருகே சாய்வாக இழுபட்ட கறைபோல ஏதோ கிடக்கும். படத்தின் வலப்பக்கம் ஒதுங்கிச் சுவரோரமாகப் பார்த்தால், அது மண்டையோடு.

இன்றைய கலைஞர்கள் இதைப் படச்சட்டத்துக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபெலீச்சே வரீனி, 2018இல் பிரான்சின் கார்கசோன் கோட்டையில் மஞ்சள் வட்டங்களை அமைத்தார். ஓரிடத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். சற்று நகர்ந்தால் மதிலுக்கொன்றும் கோபுரத்துக்கொன்றுமாகச் சிதறிய மஞ்சள் பட்டைகள்.

கிரிக்கெட் மைதானப் புல்லில் தீட்டிய விளம்பரம் டி.வி.யில் பலகைபோல எழுந்து நிற்பதும் இதே கணக்குதான். கேமரா இருக்கும் கோணத்துக்கு ஏற்ப எழுத்துகளை நீட்டி வரைகிறார்கள். களத்தில் நிற்கும் ஃபீல்டருக்கு அவை வெறும் கோணல் எழுத்துகள்.