சம்பளம் மட்டும் பார்த்தால் போதுமா? தொழில் தேர்வில் கவனிக்க வேண்டியவை

மகனுக்கு வேலை என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “சம்பளம் எவ்வளவு?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தத் தொகைக்குள் வேறு பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், 1776இல் வெளியான ‘நாடுகளின் செல்வம்’ நூலில், கூலி வேலைக்கு வேலை மாறுபட ஐந்து காரணங்களைக் கூறுகிறார். வேலை இனிதா கடினமா, கற்க ஆகும் செலவு, வேலை தொடர்ந்து கிடைக்குமா, வேலை செய்பவர் மீது வைக்கப்படும் நம்பிக்கை, வெற்றி வாய்ப்பு ஆகியவையே அவை.

கொத்தனாரை உதாரணம் காட்டுகிறார். கடும் பனியில் அவருக்கு வேலையில்லை. எனவே வேலையுள்ள நாளின் கூலி, சும்மா இருக்கும் நாளுக்கும் சோறு போட வேண்டும். ஐப்பசி அடைமழையில் நம்மூர்க் கொத்தனாருக்கும் இதே நிலைதான். அவருடைய நாள் கூலியை முப்பதால் பெருக்கி, கடைச் சம்பளத்தோடு ஒப்பிடுவது தவறு.

வளைகுடா வேலைக்கும் இதே கணக்கைப் போடுங்கள். விசாவுக்கு வாங்கிய கடன், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது என்ன என்ற கவலை, பிள்ளை வளர்வதைப் போனில் மட்டும் பார்க்கும் வாழ்க்கை. கூடுதல் சம்பளத்தில் ஒரு பங்கு இவற்றுக்கான ஈடு. தொழில் தேர்ந்தெடுக்கும் வயதில்தான் மனிதன் தன் அதிர்ஷ்டத்தை அதிகம் நம்புகிறான் என்றும் ஸ்மித் சொல்கிறார். சம்பாதித்தவர் கட்டிய மாடி வீடு தெருவுக்கே தெரியும். கடனோடு திரும்பியவர் வெளியே சொல்வதில்லை.

மரியாதையும் ஊதியத்தின் ஒரு பகுதியே என்பது அவர் கருத்து. பள்ளிவாசல் இமாம்களுக்கு அந்தப் பகுதி தாராளமாகவே கிடைக்கிறது. மளிகைக் கடையில்தான் அது செல்லுபடியாவதில்லை!

இந்த ஐந்தில் அடங்காதவையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழில் செய்யும் குடும்பத்துப் பையனுக்கு அந்தத் தொழில் சிறுவயதிலேயே பழகிவிடுகிறது. துபாயில் மாமா இருந்தால் மருமகனின் பார்வையும் அங்கேயே போகிறது. பெண் பிள்ளைகள் பலர், சம்பளம் குறைந்தாலும் மாலையில் வீடு திரும்ப முடிகிற ஆசிரியர் பணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்டிக் கணக்கு எழுத வேண்டும் என்பதற்காகவே நல்ல வேலையை மறுத்த இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, சம்பளத்தைக் கேட்ட பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: இதே வேலை உள்ளூரில், பாதிச் சம்பளத்துக்குக் கிடைத்தால் மகன் எதை எடுப்பான்? பதிலை அவனே சொல்லட்டும்.