மேருப் பிரத்தாரமும் உரையாசிரியரும்

கணிதம் பயிலும் மாணவன் யாப்பிலக்கணத்தை அஞ்சுகின்றான். யாப்புப் பயில்பவன் கணிதத்தை அஞ்சுகின்றான். இவ்விரண்டும் ஒரு நூலின் ஒரே அத்தியாயத்திற் பயிலப்பட்ட காலமும் உண்டு. வடமொழி யாப்பு நூல்களுள் தொன்மைவாய்ந்த பிங்கலரின் சந்தஸ் சூத்திரம் எட்டு அத்தியாயங்களையுடையது. அதனைக் கி. மு. மூன்றாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டினதென்பர் அறிஞர் பலர். அதன் இறுதி அத்தியாயத்திலேதான் கணிதம் புகுகின்றது.

வடமொழி யாப்பில் அசை, குரு, இலகு என இருவகைப்படும். ஆகவே மூன்றசைத் தொடர் 8 வகையாகவும், நான்கசைத் தொடர் 16 வகையாகவும் விரியும். ஆறசைத் தொடர் எத்தனை? இரண்டை ஆறுமுறை பெருக்குக என்று பிங்கலர் கூறினாரல்லர். இரட்டையெண்ணைப் பாதியாக்குக; ஒற்றையெண்ணில் ஒன்று குறைக்க; பூச்சியம் வருமளவும் இவ்வாறு செய்க என்பது அவர் முறை. ஆறு மூன்றாகும், மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், ஒன்று பூச்சியமாகும். பின்னர் ஒன்றிலிருந்து தொடங்கி வந்த வழியே மீள்க. ஒன்று குறைத்தவிடத்து இரட்டிக்க, பாதியாக்கியவிடத்து வருக்கிக்க, 2, 4, 8, 64 என விடை கிடைக்கும். அசைகள் பெருகப் பெருக இம்முறையின் சிக்கனம் புலனாகும்.

இனி, நான்கசைத் தொடர்களுள் இரண்டு குருவே உடையன எத்தனை? உயர்தர வகுப்பு மாணவர் இதனைச் சேர்மானக் கணக்கென உடன் அறிந்துகொள்வர். பத்தாம் நூற்றாண்டில் மிருதசஞ்சீவனி என்னும் உரை வகுத்த ஹலாயுதர், இதற்கு ஒரு வரைபடம் காட்டினார். மேலே ஒரு கட்டம், அதன்கீழ் இரண்டு, அதன்கீழ் மூன்று என மலைபோல் அமைத்து, ஓரக் கட்டங்களில் ஒன்று இடுக. ஏனைய கட்டங்களில் மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகையை இடுக. ஐந்தாம் வரி 1, 4, 6, 4, 1 என வரும். விடை 6. வரியின் கூட்டுத்தொகை 16 ஆதலால் முன்னைக் கணக்கோடும் பொருந்துகின்றது. இதுவே மேருப் பிரத்தாரம்.

ஐரோப்பியர் இதனைப் பஸ்காலின் முக்கோணி என்பர். அவர் நூல் அச்சேறியது 1665இல். இதுகொண்டு, பிங்கலரே இதனை வரைந்தார் என நம்மவருட் சிலர் முழங்குவர். அது மிகைக்கூற்று. பிங்கலரிடத்து உள்ளது பொருள் ஐயத்துக்கிடமான ஒரு சிறு தொடரே. படமும் விளக்கமும் உரையாசிரியருடையன. அவர்க்குரிய புகழை மூலநூலாசிரியர்க்கு ஏற்றுதல் நியாயமன்று. பத்தாம் நூற்றாண்டென்பதே பஸ்காலுக்கு ஏறக்குறைய எழுநூறாண்டு முற்பட்டது. அதற்குமேல் நமக்கு என்ன வேண்டும்? பதினோராம் நூற்றாண்டிற் சீனரும் பாரசீகரும் இதனை அறிந்திருந்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

மாத்திரை யாப்பின் நிலை வேறு. இலகு ஒரு மாத்திரை, குரு இரண்டு. ஈற்றசை இலகுவாயின் எஞ்சுவது ஒரு மாத்திரை குறைந்த தொடர். குருவாயின் இரண்டு குறைந்த தொடர். எனவே முந்திய இரண்டு தொகைகளையும் கூட்டின் அடுத்த தொகை வரும்: 1, 2, 3, 5, 8, 13. இவ்விதியை விரஹாங்கர் தெளிவாகவே கூறினார்; 1150ஐ ஒட்டி ஹேமசந்திரரும் கூறினார். இவ்வெண்கள் யார் பெயரால் இன்று வழங்குகின்றனவோ, அந்தப் பிபொனாச்சியின் நூல் 1202இல் எழுந்தது. ஈண்டு முன்னுரிமை கோரத் தடையில்லை.

ஏழு மாத்திரைக்கு 21 தொடர்கள் உண்டு. ஐயமுடைய மாணவர் அவற்றை எழுதி எண்ணிப் பார்க்கலாம். ஒரு தாள் போதும்.