காலண்டர் கட்டத்தில் மழை

ஆரணியில் எங்கள் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று எப்போதும் தொங்கும். ஆண்டுப் பிறப்புக்குக் கடைக்காரர்கள் கொடுப்பது. அதன் கட்டங்களில் அம்மா எழுதாத நாள் கிடையாது. பால் எத்தனை லிட்டர், சீட்டுப் பணம் எப்போது கட்டினார், ரேஷனில் மண்ணெண்ணெய் எப்போது வந்தது. இவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் 'மழை', 'தூறல்', 'மப்பு', 'வெயில்' என்று ஒரு சொல். சில கட்டங்களில் கூடவே ஓர் எண்ணும் இருக்கும்: 'நூல் 620. மழை.'

அப்பா அதைக் கிறுக்கல் என்பார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுடையது பட்டு நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு அமர்ந்து அப்பா நெய்வார். அம்மா விடியலில் தொடங்கி நூல் இழைப்பார், தார் சுற்றுவார், அறுந்த இழையை முடிபோடுவார். பாவு போடும் நாளில் தெருவே கூடி இழுத்துக் கட்டும். ஒரு சேலைக்கான கூலி நெய்தவர் கையில் வரும். நூல் இழைத்தவருக்கும் தார் சுற்றியவருக்கும் தனிக் கூலி கிடையாது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. கைத்தறி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பெண்களின் உழைப்பு இப்படித்தான் ஆணின் கூலிக்குள் கரைந்துபோனது.

நெசவாளர் வீட்டில் மழை என்பது வேறு பொருள். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி பூசி உலர்த்த முடியாது. குழியில் ஈரம் ஏறும், அடைமழையென்றால் தண்ணீரே ஊறும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. இத்தனைக்கும் தீபாவளிக்குச் சேலை கேட்டு அவசரப்படுத்தும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். அம்மா மட்டும் குழியை எட்டிப் பார்ப்பார்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. நெய்து முடித்த சேலையைக் கொடுக்க அப்பாவோடு அம்மாவும் போனார். நானும் கூடப் போயிருந்தேன். எங்களுக்கு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்பவர் நூலை எடைபோட்டுத்தான் கொடுப்பார், சேலையையும் எடைபோட்டுத்தான் வாங்குவார். அன்று கழிவுக்கு விட்டது போக 22 கிராம் குறைந்தது. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். நூல் இழைப்பது பெண்கள்தானே, எடுத்து வைப்பதானாலும் அவர்கள்தானே!

"மழை நாள்ல குடுத்த நூலுங்க. ஈரத்துல கனத்திருக்கும்" என்றார் அம்மா.

"நூல் என்னம்மா, தண்ணி குடிக்குதா?" என்று அவர் கேட்க, அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். கூலியில் பிடித்தம் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பவும் போனார். நூல் வாங்கிய நாளில் 'மழை' என்றும், சேலை கொடுத்த நாளில் 'வெயில்' என்றும் எழுதியிருந்ததைக் காட்டினார். பால் கணக்கெல்லாம் இங்கே எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பட்டு உண்மையில் தண்ணீர் குடிக்கும். காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது, தராசில்தான் தெரியும். பட்டு வர்த்தகத்தில் உலர்ந்த பட்டின் எடையோடு 11 சதவீதம் ஈரத்துக்கென்று சேர்த்துக் கொள்வது உலக வழக்கம். அடைமழைக் காலத்தில் நூல் இழுக்கும் ஈரம் அதையும் தாண்டும். மழை நாளில் 620 கிராம் இருந்த நூல், நல்ல வெயிலில் 22 கிராம் குறைவது வியப்பே இல்லை. பிரான்ஸின் பட்டு நகரமான லியோனில் இதே சச்சரவு வணிகர்களுக்கிடையே இருந்தது. அதைத் தீர்க்க, பட்டின் ஈரத்தை அளந்து சரியான எடையைச் சொல்ல, நெப்போலியன் ஆட்சியில் 1805-இல் அதிகாரப்பூர்வ நிலையமே நிறுவினார்கள். வணிகர் ஒருவரையொருவர் சந்தேகித்தபோது அரசு தராசோடு வந்து நின்றது. ஆரணியில் ஒரு பெண்ணைச் சந்தேகித்தபோது அவர் கையில் இருந்தது ஒரு காலண்டர்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: 'மழை' என்று எழுதினால் நம்பமாட்டார்கள், எண்ணாக எழுத வேண்டும். அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, விழுந்த நீரின் ஆழத்தை ஸ்கேலால் அளந்தால் போதும், அதுதான் மழையளவு என்றார். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். பால்பவுடர் டப்பா ஒன்றை மாடியில் செங்கல்களுக்கு நடுவே வைத்தேன். தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதினேன். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. வரலாற்று ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அளப்பது மட்டும் நிற்கவில்லை. இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் 'நல்ல பொழுதுபோக்கு' என்கிறார்கள்.

அந்தச் சொல் எனக்கு உறுத்தும். வீட்டில் இருந்தபடி வானிலையைக் குறித்துவைத்த பெண்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்திருக்கிறார். சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்பவர் 1861 முதல் வானியலாளராக இருந்தார். அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன். 1873-இல், 21 வயதுகூட நிறையாத நிலையில், அங்கே கணக்கிடுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் 150 ரூபாய். அன்றைய வெள்ளையர் வீட்டில் சமையல்காரருக்கோ வண்டிக்காரருக்கோ கிடைத்ததற்கு ஈடான தொகை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். ஆரணி அடங்கிய வட ஆற்காடும் அதில் சிக்கியது. தானிய விலை ஏறினால் சனங்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். ஆகவே பஞ்சம் உழவர் வீட்டுக்கு வரும்போதே நெசவாளர் வீட்டுக்கும் வந்துவிடும். அந்தப் பேரழிவுக்குப் பிறகு 1880-இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், மழையையும் வானிலையையும் ஒழுங்காகப் பதிவுசெய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1881-இல், சென்னை அரசின் வானிலைக் கண்காணிப்பாளராகவும் அறிக்கையாளராகவும் பொறுப்பேற்றவர் ஐசிஸ்.

1886-இல் அப்பா அவருடைய பெயரை லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் பதவிக்கு முன்மொழிந்தார். கழகத்தின் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்க ஆண்பால் சொல்தான் இருக்கிறது, எனவே பெண்ணைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. அவர் தொடர்ந்து வேலை பார்த்தார். 25 ஆண்டுகள் முடித்து 1898-இல் ஓய்வு பெற்றார். அந்தக் கழகம் 1920-இல் அவரைச் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 67.

ஐசிஸ் வெள்ளைக்காரப் பெண், ஆள்வோர் பக்கத்தவர். அவரையும் என் அம்மாவையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. ஆனால் 'அவன்' என்றொரு சொல் 34 ஆண்டுகள் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தியதையும், 'பால் கணக்கு' என்றொரு சொல் அம்மாவைத் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860-இல் மழையளக்கும் தன்னார்வலர்களைத் திரட்ட ஆரம்பித்தார். 1900-இல் அவர் இறக்கும்போது 3,000-க்கும் மேற்பட்டோர் வீட்டுத் தோட்டங்களில் அளந்து எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. நார்ஃபோக்கில் வாழ்ந்த பேனிங் சீமாட்டி 1835 முதல் 1887 வரை மழையை அளந்தார். லண்டனுக்குத் தங்கப் போகும்போது மழைமானியையும் கையோடு எடுத்துப் போனாராம். சரே மாவட்டத்தின் கோபம் ஊரில் கரோலின் மோல்ஸ்வொர்த் என்பவர் வானிலையையும், எந்தச் செடி என்று பூத்தது என்பதையும் பல பத்தாண்டுகள் குறித்துவைத்தார். 1872-இல் அவர் இறந்த பின் அதைத் தொகுத்து 1880-இல் நூலாக்கியவரும் ஒரு பெண்தான், எலினார் ஆர்மரோடு. அங்குள்ள வானிலைக் கழகத்தில் முதன்முதலில் உறுப்பினரான பெண் அவர். 2020-இல் பிரிட்டனின் பழைய மழைக் குறிப்புகளை, 65,000-க்கும் மேற்பட்ட தாள்களை, 16,000 தன்னார்வலர்கள் கணினியில் ஏற்றினார்கள். பேனிங் சீமாட்டியின் எண்களும் அதில் சேர்ந்து இன்றைய காலநிலை ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

இந்தச் சைமன்ஸின் பெயரில் வந்த மழைமானிதான் நம் ஊர் அரசு அலுவலகங்களிலும் வெகுகாலம் நின்றது. இந்தியாவிலேயே நல்ல வானிலைக் கருவிகளைச் செய்ய வழிவகுத்தவர் அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். 1945-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தும் முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் தரவில்லை. 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். கருவி தவறாகக் காட்டினால் அளவே இல்லாமலிருப்பது மேல் என்ற பிடிவாதம் அவருக்கு உண்டு என்பார்கள்.

மழைப் பதிவுக்கு மேதைமை தேவையில்லை. ஒரு நாளும் தவறாமல், அதே நேரத்தில், அதே இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு அது எளிதாக வாய்த்தது. இதைப் பெண்களின் பொறுமை என்று புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. பேனிங் சீமாட்டி மழைமானியைப் பார்க்கப் போகும்போது அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்கும். எனக்கு இல்லை.

கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் போனேன். சீர்வரிசைப் பாத்திரங்களோடு அந்த டப்பாவும் வந்தது. "இது எதுக்கும்மா?" என்று மாமியார் கேட்டார். மழை பிடிக்க என்றேன். ஓட்டிலிருந்து வடிவதைப் பிடிக்க அண்டா இருக்கிறதே என்றார். பிறகு அவரே, நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்தால், "டப்பா பாத்தியா?" என்று நினைவுபடுத்துவார்.

என் நோட்டுகளில் வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. மூத்தவள் பிறந்தபோது ஐந்து மாதம் எண்களே இல்லை. அம்மாவின் காலண்டரைப் பார்த்து 'மழை', 'தூறல்' என்ற சொற்களை மட்டும் பின்னால் எழுதி நிரப்பினேன். இளையவன் பிறந்தபோதும் அப்படியே. மாமியார் படுத்த படுக்கையான ஆண்டில் ஐப்பசி முழுக்க வெற்றிடம். தேர்தல் வேலைக்குப் போன நாட்கள் தனி. வானிலை ஆய்வாளர் ஒருவர் பார்த்தால் இவற்றைத் 'தரவு இல்லை' என்று ஒதுக்கிவிடுவார், அது சரியும்கூட. வரலாறு படித்த எனக்கு அந்தப் பக்கங்களும் தரவுதான். ஒரு பெண்ணின் நேரம் எப்போதெல்லாம் அவளுடையதாக இல்லை என்பதற்குத் தேதி போட்ட சாட்சி அவை.

அம்மாவின் காலண்டர்கள் மிஞ்சவில்லை. ஆண்டு முடிந்ததும் அந்தத் தாள்களால்தான் எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போடுவோம். வழவழப்பான பக்கம் வெளியே, அம்மாவின் எழுத்து உள்ளே. அம்மா இறந்த பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது அப்படி அட்டை போட்ட மூன்று புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று என்னுடைய வரலாற்றுப் பாடப் புத்தகம். அசோகரும் அக்பரும் நிறைந்த அந்தப் புத்தகத்தை இத்தனை நாள் போர்த்தியிருந்தது அம்மாவின் கையெழுத்து. அட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு கட்டத்தில் 'நூல் 620. மழை.' அதற்கு மூன்று வாரம் கீழே: 'சேலை குடுத்தாச்சு. வெயில். 22 குறைவாம்.'

அந்த 'வாம்' அம்மாவுடையது. அவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

இதைப் படிக்கும் தோழிகளிடம் ஒன்று கேட்பேன். உங்கள் அம்மாவின், பாட்டியின் காலண்டரோ கணக்கு நோட்டோ வீட்டில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பால் கணக்குக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். முடிந்தால் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

இன்று காலை எட்டரைக்கு மாடிக்குப் போனேன். டப்பா போய் இப்போது பிளாஸ்டிக் மழைமானி. 14 மில்லிமீட்டர். நோட்டில் எழுதினேன். பிறகு சமையலறைக் காலண்டரிலும் 'மழை' என்று எழுதினேன்.